பங்களா காலியாகிறதா? பரணைப் பாருங்கள்

லவ்டேலைத் தாண்டி ஊட்டிக்குள் நுழையும் முன் மலை ரயில் கடக்கும் இடம் பெர்ன்ஹில். 1873-இல் மைசூர் மகாராஜா இங்கிருந்த ஒரு பங்களாவை வாங்கிக் கோடை அரண்மனை ஆக்கினார். அதைச் சுற்றியும் குன்னூர் வரைக்கும் தகரக் கூரை பங்களாக்கள் நிறைய. வெள்ளைக்காரத் துரைமார், அவர்களுக்குப் பின் நம்மூர் எஸ்டேட் முதலாளிகள், ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரிகள் என்று ஆள் மாறி ஆள் குடியிருந்த வீடுகள். பெரியவர் காலமானதும் வெளியூரில் இருக்கும் வாரிசுகள் வீட்டை விலைபேசுவார்கள். அதற்கு முன் சாமான்கள் மொத்தமாக வெளியே வரும். தேக்கு மேசைக்கும் பித்தளை விளக்குக்கும் போட்டி இருக்கும். பிள்ளைகள் விளையாடிய பெட்டியைப் பெரும்பாலும் யாரும் சீந்துவதில்லை. அந்தப் பெட்டிதான் நமக்கு வேண்டியது.

முதல் வேலை தகவல் பிடிப்பது. இங்கே இந்த மாதிரி விற்பனைக்கு விளம்பரம் வருவது அபூர்வம். பழைய மரச்சாமான் வியாபாரி, பங்களா வாட்ச்மேன், தோட்டக்காரர், பழைய இரும்புக் கடைக்காரர் இவர்களுக்குத்தான் முதலில் தெரியும். உங்கள் போன் நம்பரைக் கொடுத்து வையுங்கள். ஜனவரி, பிப்ரவரி நல்ல சமயம்: மழை ஓய்ந்திருக்கும், சீசன் கூட்டம் இருக்காது. வெளியூர் வண்டி என்றால் இ-பாஸ் எடுத்துவிட்டு ஏறுங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை. சுற்றிக்கட்டப் பழைய வேட்டியும் செய்தித்தாளும் போதும். டார்ச், பூதக்கண்ணாடி, சின்னக் காந்தம், கையுறை இவற்றையும் மறக்காதீர்கள்.

உள்ளே போனதும் ஹாலில் நிற்காதீர்கள். அங்கே இருப்பதெல்லாம் வியாபாரி ஏற்கெனவே பார்த்து விலை வைத்தது. பரண், மாடிப்படிக்குக் கீழே உள்ள அறை, வேலைக்காரர் குடியிருப்பு, கார் ஷெட். இந்த வரிசையில் தேடுங்கள். வீட்டில் பல வருஷம் வேலை பார்த்தவரிடம் மரியாதையாகக் கேட்டால் பாதி வேலை முடிந்தது: “அண்ணே, பிள்ளைங்க வெளையாடின சாமான் ஏதாச்சும் மேல கெடக்குதுங்களா?” “ட்ரங்குப் பொட்டி ஒண்ணு இருக்குதுங்க, பூட்டுக்குச் சாவிதான் இல்ல” என்பார். வாரிசுகளைக் கேட்காமல் அந்தப் பூட்டில் கை வைக்க வேண்டாம்.

பெட்டி திறந்ததும் காந்தத்தை எடுங்கள். ஒட்டினால் தகரம்: சாவி கொடுத்து ஓட்டும் கார், ஹார்ன்பி ரயில். ஹார்ன்பி 1920-இல் ஸ்ப்ரிங் ரயிலோடு தொடங்கியது. தண்டவாளங்களுக்கு இடையே 32 மில்லிமீட்டர் இருந்தால் பழைய ஓ கேஜ். சாவி இருந்தாலும் அங்கேயே முழுக்க முறுக்கிப் பார்க்காதீர்கள். துருப்பிடித்த ஸ்ப்ரிங் அறுந்தால் பொம்மையும் போச்சு, பேரமும் போச்சு. தகரத்தின் அடியில் ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தால் அது இரண்டாம் உலகப் போர் முடிந்து 1952-க்குள் வந்த சரக்கு.

காந்தம் ஒட்டாமல் கையில் கனத்தால் துத்தநாகக் கலவை வார்ப்பு: டிங்கி, கார்கி, மேட்ச்பாக்ஸ் கார்கள். வயதைச் சக்கரம் சொல்லும். மேட்ச்பாக்ஸில் உலோகச் சக்கரம் என்றால் 1950-கள். பிறகு சாம்பல் பிளாஸ்டிக், அப்புறம் கறுப்பு. 1969 முதல் வழுக்கி ஓடும் மெல்லிய சக்கரம். போருக்கு முந்தைய டிங்கி என்றால் பூதக்கண்ணாடி கட்டாயம். கலவையில் ஈயம் கலந்துவிட்டால் உலோகம் வருஷக்கணக்கில் உள்ளுக்குள்ளேயே வெடித்து உப்பும். ஈரப்பதம் அதை வேகப்படுத்தும். வண்டியின் ஓரங்களில் மயிரிழை விரிசலும், நேராக இருக்க வேண்டிய உடல் வில்லாக வளைந்திருப்பதும் அடையாளம். மருந்தே கிடையாது, விட்டுவிடுங்கள். ஊட்டிக் குளிரில் வருஷம் பாதி ஈரத்தில் ஊறிய பரணில் இதைச் சந்தேகப்படாமல் வாங்கக் கூடாது.

எல்லோரும் ‘இங்கிலாந்தில் செய்தது’ என்ற எழுத்தைத் தேடிக் கண் பூத்துப்போகிறார்கள். என்னைக் கேட்டால், ‘இந்தியாவில் செய்தது’ என்ற எழுத்தைத் தேடுவேன். டிங்கி கார்களின் பழைய அச்சுகள் கல்கத்தாவுக்கு விற்கப்பட்டு, 1960-களின் கடைசியிலிருந்து ‘நிக்கி’ என்ற பெயரில் இங்கேயே கார்கள் வார்க்கப்பட்டன. தடித்த பெயின்ட், கொஞ்சம் முரட்டு வார்ப்பு. அந்த முரட்டுத்தனத்துக்காகவே வெளிநாட்டில் தேடி வாங்குகிறவர்கள் உண்டு. மேட்ச்பாக்ஸ் மாதிரியில் வந்த மேக்ஸ்வெல் கார்களும் அப்படித்தான்.

அடுத்தது ஃபன்ஸ்கூல். சென்னையின் எம்.ஆர்.எஃப்-பும் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து 1987-இல் தொடங்கியது. அவர்கள் இங்கே வெளியிட்ட ஜி.ஐ. ஜோ வீரர் பொம்மைகளில் சிலவற்றுக்கு அமெரிக்காவில் வராத நிறச் சேர்க்கை. அங்குள்ள சேகரிப்பாளர்கள் அதற்காகவே அலைகிறார்கள். இடுப்பு கழன்று இரண்டு துண்டாகக் கிடந்தால் உடைந்தது என்று ஒதுக்காதீர்கள்: உள்ளே உடலைக் காலோடு இழுத்துப் பிடிக்கும் ரப்பர் வளையம் இற்றுப்போயிருக்கும், அவ்வளவுதான். புது வளையம் போட்டால் எழுந்து நிற்பார். கட்டைவிரலோ கவட்டையோ முறிந்திருந்தால்தான் விலை இறங்கும். பெட்டியின் அடியில் உள்ள தூசியையும் சலித்துப் பாருங்கள்; துப்பாக்கியும் முதுகுப்பையும் அங்கேதான் இருக்கும்.

ஈயச் சிப்பாய்களைக் கையுறையோடு எடுங்கள். மேலே வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது பூஞ்சை அல்ல. மர அலமாரியிலிருந்து கசியும் அமில ஆவி ஈயத்தைத் தின்றதன் மிச்சம். விஷம். ஊதாதீர்கள்; பிள்ளைகள் கைக்குக் கொடுக்கவே கூடாது.

போலியையும் பார்த்துக்கொள்ளுங்கள். அடித்தட்டில் ரிவெட் இருக்க வேண்டிய இடத்தில் திருகாணி இருந்தால் யாரோ பிரித்துப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். போருக்கு முந்தைய அட்டைப்பெட்டி என்று சொல்லப்படுவதன்மேல் புற ஊதா டார்ச் அடித்து, காகிதம் பளீரென நீலமாக ஒளிர்ந்தால் அது பெரும்பாலும் பின்னாளில் அச்சிட்டது.

பேரம் பேசும்போது ஒரு காரைத் தனியாகத் தூக்கிக் காட்டினால் அதன் விலை அங்கேயே ஏறிவிடும். பெட்டியோடு கேளுங்கள். ஆனால் விற்பவர் இதன் மதிப்பு தெரியாத வயதான அம்மாவாக இருந்து, “இது என்ன விலைக்குப் போகும் தம்பி?” என்று நேராகக் கேட்டால் நேராகச் சொல்லிவிடுங்கள், நீலகிரி சின்ன இடம், அடுத்த பங்களாவுக்குள் உங்களை விடுவதா வேண்டாமா என்பது அந்தப் பேச்சில் முடிவாகும். பெட்டிக்குள் குடும்பப் போட்டோவோ கடிதமோ கிடந்தால் திருப்பிக் கொடுங்கள்.

எவ்வளவு அழகாக இருந்தாலும் யானைத் தந்தச் சதுரங்கக் காய்களைத் தொடாதீர்கள். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அந்த வியாபாரம் குற்றம். அதே வருஷத்துத் தொல்பொருள் சட்டமும் நினைவிருக்கட்டும்: நூறு வருஷம் தாண்டிய தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வெளிநாட்டுச் சேகரிப்பாளருக்கு விற்கும் எண்ணம் இருந்தால் வயதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். யாரிடம், எந்தத் தேதியில், என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று கையெழுத்தோடு ஒரு சீட்டு வாங்கிவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் தேய்த்துக் கழுவத் தோன்றும். வேண்டாம். மென்மையான பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டி, சிலிகா ஜெல் பாக்கெட்டோடு மூடிய டப்பாவில் வையுங்கள். பூஞ்சை பிடித்த துணிக் கரடியை மட்டும் மற்றவற்றோடு சேர்க்காமல் தனியாக வைத்து, நன்றாக உலர்ந்த பிறகு வெளியே கொண்டுபோய்த் தட்டுங்கள். புதுப் பெயின்ட் அடித்தால் பளபளப்பு வரும், விலையில் பாதிக்கு மேல் போய்விடும்.