பழைய டிராக்டருக்கு டீசல் ஏறவில்லையா?

பாலாற்றங்கரை ஓரிக்கையில் உழவுக்கு இறங்கிய பழைய டிராக்டர் இழுவை குறைந்து நிற்கிறதா? மெக்கானிக்கை அழைக்கும் முன் இவற்றைப் பாருங்கள்:

• டேங்க் மூடியைச் சற்றுத் தளர்த்துங்கள். வண்டி சீராக ஓடினால், மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது.

• இஞ்சினை அணைத்து, டேங்கிலிருந்து இறங்கும் குழாயின் கீழ்முனையைக் கழற்றி வாளியில் விடுங்கள். டீசல் சன்னமாக வடிந்தால் டேங்க் அடியில் கசடு சேர்ந்திருக்கலாம்.

• ஃபில்டர் கிண்ணத்தில் தேங்கிய தண்ணீரை வடித்துவிடுங்கள். அழுக்கேறிய காகித ஃபில்டரைக் கழுவிப் போடாமல் மாற்றுங்கள்.

• மாற்றியதும் ஏர் லாக் எடுங்கள்: ஃபில்டர் மேலுள்ள ஏர் ஸ்குரூவைத் தளர்த்திக் கை பம்பை அடியுங்கள், குமிழி நின்றதும் இறுக்குங்கள்.

• மாலையிலேயே டேங்கை நிரப்பினால் இரவில் உள்ளே நீர் கோக்காது.

எச்சரிக்கை: ஓடும் இஞ்சினில் இன்ஜெக்டர் குழாய்க் கசிவைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள், அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்துவிடும்.