மனசு விட்டுப்போச்சா தங்கச்சி? அக்காவின் 5 டிப்ஸ்

"கும்பிடவே மனசு வரல்லக்கா" என்கிறாயா? மாத்தளை மாவட்டத்தில், கலேவெலைக்குக் கிட்ட உள்ள வஹகோட்டையை நினைத்துக்கொள். போர்த்துக்கேயர் வழிவந்த கத்தோலிக்கர் வாழும் பழைய ஊர் அது. அங்குள்ள அந்தோனியார் கோயில் பெயர்போனது. இப்படிப்பட்ட கத்தோலிக்கர் அன்று பட்ட பாட்டைப் பார்: 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்து குருமாரை விரட்டினார்கள். 1687இல் கோவாவிலிருந்து யோசப் வாஸ் அடிகளார் வரும்வரை, இலங்கைக் கத்தோலிக்கருக்குப் பூசை வைக்க ஆள் கிடைப்பதே அரிது. வீட்டுச் செபமும் மூப்பர், அண்ணாவிமாரின் துணையும்தான் அவர்களைத் தாங்கின. உனக்கும் அது போதும், இப்போதைக்கு.

1. மனசு வரட்டும் என்று காத்திருக்காதே. செவ்வாய்க்கிழமை அந்தோனியாருக்குரிய நாள். அன்று ஒரு நேரத்தைக் குறித்து, 5 நிமிடம் உட்கார். செபம் வாயில் வராவிட்டாலும் எழும்பிப் போய்விடாதே.

2. தொலைந்ததைப் பெயர் சொல்லி எழுது. காணாமல் போனதற்கு அந்தோனியாரிடம்தானே போவோம்? "எல்லாம் போச்சு" என்று எழுதாதே. வேலையா, தூக்கமா, உறவா? துண்டுக் கடுதாசியில் ஒவ்வொன்றாக எழுதிப் பார். எது திரும்பும், எதற்கு அழுது தீர்க்க வேண்டும் என்று பிரியத் தொடங்கும்.

3. கையால் ஒரு நன்மை செய். வாஸ் அடிகளாரை ஒற்றர் என்று சந்தேகித்து 1692இல் கண்டியில் சிறை வைத்தார்கள். அதே கண்டியில் 1697இல் அம்மை பரவியபோது நோயாளிகளை அவரே பராமரித்தார். நீ அந்தோனியார் பேரில் பசித்த ஒருவருக்குப் பாண் வாங்கிக் கொடு. உன் துக்கம் குறையாது. ஆனால் உன்னால் இன்னும் ஆகும் என்று தெரியும்.

4. வஹகோட்டைக்கு யாத்திரை போவதென்றால் துணையோடு போ. கேள்வி கேட்டுத் துளைக்காத ஆளாகப் பார். திருவிழாச் சனம் தாங்காது என்றால் சாதாரண நாளில் போ. வெயில் கடுமை, தண்ணீர்ப் போத்தலும் குடையும் மறக்காதே.

5. நேர்த்தி வைத்தாயிற்று என்று மருந்தை நிறுத்தாதே. சாப்பாடும் தூக்கமும் இரண்டு கிழமைக்கு மேல் கெட்டால் டொக்டரைப் பார். செத்துப்போகலாம் என்று தோன்றினால் தனியே இருக்காதே. உடனே வீட்டில் ஒருவரை எழுப்பு, மனநல உதவி இலக்கமான 1926க்கு அழை. இரவு எத்தனை மணியானாலும் எனக்கும் கோல் எடு.