ஓடாத ரயில்களின் நிறம்

கேள்வி: மாடல் ரயில் வைத்திருப்பவர்கள் சிலர், நிஜத்தில் இல்லாத இன்ஜின்களுக்கெல்லாம் வண்ணம் பூசி ஓட்டுகிறார்களே, அது சரியா?

பதில்: தாராளமாகச் செய்யலாம். எனக்கு மிகவும் பிடித்த வேலை அது.

அமெரிக்காவின் சதர்ன் பசிஃபிக், சான்டா ஃபே ரயில் நிறுவனங்கள் 1980களில் ஒன்றாக இணையத் தயாராயின. அனுமதி வருமுன்பே நூற்றுக்கணக்கான இன்ஜின்களுக்குச் சிவப்பும் மஞ்சளும் அடித்தாயிற்று. கோடக் ஃபிலிம் பெட்டியின் சாயல் இருந்ததால் 'கோடக்குரோம்' என்ற பெயர் நிலைத்தது. ஒரு நிறுவனத்தின் இன்ஜினில் 'எஸ்பி', மற்றதில் 'எஸ்எஃப்'. பக்கத்தில் அடுத்த இரண்டெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். 1986இல் அரசு ஆணையம் இணைப்பை மறுத்துவிட்டது. அந்த இடம் நிரம்பவே இல்லை.

87இல் ஒரு பங்கு அளவுள்ள பொம்மை இன்ஜினில் நான்கெழுத்தையும் சேர்த்து ஒட்டும்போது அந்த இடம்தான் நிரம்புகிறது.

கற்பனைக்கும் கணக்கு வேண்டும். இணைப்பு நடந்திருந்தால் 1995இல் எந்த மாடல் இன்ஜின் வாங்கியிருப்பார்கள், என்ன எண் கொடுத்திருப்பார்கள் என்று யோசியுங்கள். பழைய இன்ஜின் என்றால் கூரையோரச் சிவப்பைக் கொஞ்சம் வெளிறவிடுங்கள். பாலைவன வெயிலில் ஓடிய வண்டியல்லவா!