டிஸ்க்கைத் தரையில் வைக்காதே, தம்பி

போன வாரம் வீட்டுக்கு வந்தபோது உன் எடிட்டிங் ரூமைப் பார்த்தேன். மேஜை மேல் இருந்த டிஸ்க் முழுக்க டிரான்சிஷன், கலர் லட், டைட்டில் டெம்ப்ளேட். "எல்லாம் நெட்டில் சும்மா கிடைச்சது அக்கா" என்று பெருமையாகச் சொன்னாய். இரண்டு கல்யாணத்தின் ஃபுட்டேஜ் இருந்த டிஸ்க்கோ யூபிஎஸ்ஸுக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தது. எனக்கு அன்றைக்கு ராத்திரி சரியாகத் தூக்கம் வரவில்லை.

முடிச்சூரில் இருந்துகொண்டு தரையில் வைக்கலாமா? 2015 டிசம்பர் 1ஆம் தேதி ராத்திரி அடையாறு ஏறி வந்தபோது நீ சின்னப் பையன். வரதராஜபுரத்திலும் முடிச்சூரிலும் படகில் ஆட்களை ஏற்றியது உனக்கு நினைவிருக்கும். அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்து தண்ணீரில் மூழ்கிய என் டிஸ்க்கில் மூன்று கல்யாணம் இருந்தது உனக்குத் தெரியாது. வேறு பிரதி இல்லை. அதில் ஒரு மணப்பெண்ணின் அப்பா அடுத்த வருஷம் காலமாகிவிட்டார். அவர் தாரை வார்த்துக் கொடுக்கும் காட்சி மட்டுமாவது கிடைக்குமா என்று அந்தப் பெண் போனில் கேட்டாள். அவளுக்கு நான் சொன்ன பதில் இன்னும் என் தொண்டையிலேயே நிற்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் நம் பக்கம் தண்ணீர் நின்றது. இனியும் நிற்கும்.

அதனால் முதல் வேலை இதுதான். மூன்று பிரதி, இரண்டு வேறு வேறு டிஸ்க், ஒன்று வீட்டுக்கு வெளியே. கார்டிலிருந்து வெறுமனே இழுத்துப் போடாதே. டெராகாப்பி என்று ஒரு மென்பொருள் இருக்கிறது; சொந்த உபயோகத்துக்கு இலவசம், தொழிலுக்கு உரிமம் வாங்க வேண்டும். அதில் 'வெரிஃபை' போட்டால், காப்பியான ஒவ்வொரு ஃபைலும் மூலத்தோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்துச் சொல்லும். இரண்டு பிரதி சரியென்று தெரிந்த பிறகுதான் கார்டை ஃபார்மட் செய்ய வேண்டும். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்று இன்னொன்று, அது இலவசம். டிஸ்க் படுக்கப் போகிறதா என்பதற்குப் பல சமயம் முன்கூட்டியே அறிகுறி காட்டிவிடும். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் மேஜை வாங்கு, நாற்காலி வாங்கு. டிஸ்க் மட்டும் புதிதாக வாங்கு.

மூன்றாவது பிரதியை கூடுவாஞ்சேரியில் பெரியம்மா வீட்டு இரண்டாவது மாடியில் வைக்கலாம், நான் பேசிவிட்டேன். முழு ஃபுட்டேஜையும் கிளவுடில் ஏற்றுவது நம் இன்டர்நெட்டுக்கும் பட்ஜெட்டுக்கும் கட்டுப்படியாகாது. முடித்த படமும் ப்ராஜெக்ட் ஃபைலும் ஏறினால் போதும். கூகுள் கணக்கோடு இலவசமாக வரும் 15 ஜிபியில் ப்ராஜெக்ட் ஃபைல்கள் எத்தனையோ அடங்கும். ஒரு எச்சரிக்கை: டாவின்சி ரிசால்வில் ப்ராஜெக்ட் உன் ஃபுட்டேஜ் ஃபோல்டரில் இருக்காது, தனியாக அதன் டேட்டாபேஸில் இருக்கும். ஃபோல்டரைக் காப்பி எடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தவர்கள் கம்ப்யூட்டர் படுத்ததும் அழுததை நான் பார்த்திருக்கிறேன். தினமும் வேலை முடிந்ததும் 'எக்ஸ்போர்ட் ப்ராஜெக்ட்' கொடுத்து, அந்தச் சின்ன ஃபைலை கூகுள் டிரைவில் போடு.

மென்பொருள் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். டெலிகிராமில் வரும் கிராக் எதுவும் வேண்டாம். கிராக்கோடு வரும் வைரஸ் ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும்; பூட்டப்படுவது அடுத்தவர் வீட்டுக் கல்யாணம். ரிசால்வின் இலவசப் பதிப்பே அல்ட்ரா ஹெச்டி வரை ரெண்டர் செய்யும், வாட்டர்மார்க் போடாது. முகூர்த்தம், ரிசப்ஷன் எல்லாவற்றுக்கும் அது தாராளம்.

இனி நீ டவுன்லோட் செய்ய வேண்டியவற்றுக்கு வருகிறேன். டெம்ப்ளேட் உனக்கு வெட்டக் கற்றுத் தராது. வெட்டிப் பழகினால்தான் வெட்டுவது வரும், அதற்கு வெட்டாத ஃபுட்டேஜ் வேண்டும். திரைப்படக் கல்லூரி மாணவனுக்கு அது கிடைக்கும், நமக்கு எங்கே கிடைக்கும் என்று நான் ரொம்ப நாள் ஏங்கியிருக்கிறேன். இப்போது கிடைக்கிறது. ரிசால்வைத் தயாரிக்கும் பிளாக்மேஜிக் டிசைன் தன் பயிற்சிப் புத்தகங்களைப் பிடிஎஃபாக இலவசமாகவே தருகிறது. பாடத்துக்கான காட்சிகளும் கூடவே வரும். எடிட்டிங், கலர், ஒலி, ஒவ்வொன்றுக்கும் தனிப் புத்தகம். முடித்தால் ஆன்லைனில் தேர்வு எழுதிச் சான்றிதழும் வாங்கலாம். இங்கிலீஷ் என்று பயப்படாதே. திரையில் செய்துகொண்டே படித்தால் பாதி வார்த்தை தானாகப் புரியும். ஒரு நாளைக்கு ஒரு பாடம், காலையில், போனைத் தூக்கி வைத்துவிட்டு.

யாரும் உனக்குச் சொல்லியிருக்காத இரண்டு இடங்களையும் சொல்கிறேன். ஒன்று பாட்மா. 2008இல் மும்பை, பெங்களூர், பெர்லின் குழுக்கள் சேர்ந்து தொடங்கிய இணையக் காப்பகம். முடித்த படங்களைவிட வெட்டாத ஃபுட்டேஜுக்குத்தான் அங்கே முதலிடம். என்ன காட்சி, யார் பேசுகிறார்கள் என்று நேரக் குறிப்போடு எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு பேட்டியைத் தொடக்கத்திலிருந்து பார்த்தால் எங்கே மனிதர் மூச்சு விடுகிறார், எங்கே தயங்குகிறார், எங்கே நீ வெட்டுவாய் என்று கண் பழகும். இன்னொன்று அதன் தங்கை போன்ற இந்தியன்சினிமா, நம் நாட்டுப் படங்களுக்கானது. படம் முழுவதையும் ஒரு நீளப் பட்டை போல விரித்துக் காட்டும். காட்சி எங்கே நீள்கிறது, வெட்டு எங்கே நெருங்குகிறது என்பதைக் கோலத்தின் புள்ளி வரிசை போல ஒரே பார்வையில் பார்த்துவிடலாம்.

அப்படிப் பார்க்க ஒரு பாடமும் தருகிறேன். 'அலைபாயுதே', 2000ஆம் வருஷம் வந்தது, எடிட்டர் ஸ்ரீகர் பிரசாத். நாம் தினமும் ஏறும் மின்சார ரயில் மாதிரியேதான் அந்தப் படத்தின் ரயிலும். நடப்புக்கும் பழைய கதைக்கும் படம் மாறி மாறிப் போகும். ஆனாலும் நமக்குக் குழப்பமே வராது. ஒரு காலத்திலிருந்து இன்னொரு காலத்துக்குப் போகும் இடங்களை மட்டும் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார். கடைசி ஷாட் என்ன, அடுத்த முதல் ஷாட் என்ன என்று நோட்டில் எழுது. பிறகு சத்தத்தோடு பார். உன் ஹைலைட்ஸ் வீடியோவில் நிச்சயதார்த்தத்திலிருந்து முகூர்த்தத்துக்குத் தாவுவதற்கு இந்த ஒரு நோட்டு போதும். நூறு டிரான்சிஷன் வேண்டாம்.

கலர் பழக, நெட்ஃபிளிக்ஸ் 'ஓப்பன் கன்டென்ட்' என்ற பெயரில் தரமான படங்களை வெளியிட்டு வைத்திருக்கிறது. பெயர் குறிப்பிட்டால் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம்.

அடுத்தது உன் பிழைப்பில் தினமும் வரும் தலைவலி. மாப்பிள்ளையின் தம்பி போனில் எடுத்த கிளிப்பை டைம்லைனில் போடுகிறாய். ஆரம்பத்தில் சரியாக இருக்கும். பத்து நிமிஷம் போனால் தவில் அடி காதில் விழும்போது தவில்காரர் கை மேலே இருக்கும். போன் ஒரே வேகத்தில் ஃபிரேம் எடுப்பதில்லை, கூட்டிக் குறைக்கும், அதுதான் காரணம். மீடியாஇன்ஃபோவில் திறந்தால் 'வேரியபிள்' என்று காட்டும். ஹேண்ட்பிரேக்கில் 'கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்' போட்டு மாற்றிவிட்டுப் பிறகு வெட்டு. இரண்டும் இலவசம். முதலிலேயே செய்துவிடு, வெட்டி முடித்த பிறகு செய்தால் எல்லாம் பாழ்.

தமிழ் எழுத்துக்கும் அதே மாதிரி ஒரு சின்ன மருந்து உண்டு. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாகப் பெயர் உடைந்து வந்த கல்யாண வீடியோவைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் அது. பிரீமியரில் 'ப்ரிஃபரன்சஸ்' போய் 'கிராஃபிக்ஸ்' பகுதியில் டெக்ஸ்ட் எஞ்சினை 'சவுத் ஏஷியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன்' என்று மாற்றி, மூடித் திற. வேறு மென்பொருளில் உடைந்தால், இன்க்ஸ்கேப்பில் எழுதிப் பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக உள்ளே கொண்டு வா. பழைய பாமினி எழுத்துருவை விட்டுவிடு. கூகுள் ஃபான்ட்ஸில் கேட்டமரான், ஹிந்த் மதுரை, முக்த மலர், நோட்டோ சான்ஸ் தமிழ் எல்லாம் யூனிகோடில், தொழிலுக்கும் இலவசமாகவே கிடைக்கின்றன. 'ஸ்ரீனிவாசன்', 'கௌசல்யா', 'மணிமேகலை' மூன்றும் ஒழுங்காக வந்தால் மற்ற பெயர்களும் அநேகமாக வந்துவிடும்.

பாட்டு விஷயத்தில் கவனமாக இரு. கல்யாண மண்டபத்தில் பாட்டுப் போட 1957ஆம் வருஷக் காப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு விலக்குத் தருகிறது. அந்த விலக்கு, நீ சினிமாப் பாட்டை ஒட்டி உன் யூடியூப் சேனலில் ஏற்றும் ஹைலைட்ஸுக்குச் செல்லாது. காப்புரிமைக்காரர் புகார் கொடுத்து 90 நாளுக்குள் மூன்று ஸ்டிரைக் விழுந்தால் சேனலே போய்விடும். யூடியூப் ஆடியோ லைப்ரரியில் எடு. சிலவற்றுக்குப் பெயர் குறிப்பிடச் சொல்வார்கள், குறிப்பிடு. ஒலிகளுக்கு ஃப்ரீசவுண்டில் 'சிசி ஜீரோ' வடிகட்டியைப் போட்டுத் தேடு. பிபிசியின் ஒலிக் காப்பகம் பிரமாதமானது, ஆனால் இலவச அனுமதி சொந்த உபயோகத்துக்கும் படிப்புக்கும் மட்டும்தான். காசு வாங்கும் வேலைக்குக் கூடாது. எதை எடுத்தாலும் அதன் உரிமப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அந்தக் கல்யாணத்தின் ஃபோல்டரிலேயே போட்டு வை. நாளைக்கு யாராவது கேட்டால் காட்டலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை மின்சார ரயிலில் வருகிறேன், கையில் ஒரு புது டிஸ்க்கோடு. அதற்குள் பீரோவின் மேல்தட்டில் இருக்கும் பழைய ஆல்பங்களை எடுத்து இடம் பண்ணி வை. தரையில் கிடக்கும் அந்த டிஸ்க்கை மட்டும் ஞாயிறு வரை விடாதே, இப்போதே எழுந்து மேலே வை.