கப்பற்படை ஏடுகளும் மூதாதையர் தேட்டமும்

நாடு விட்டு நாடு சென்று குடியேறியோரின் வழிவந்தவர்க்கு ஒரு குறை உண்டு. பிறந்த ஊரிலேயே வாழ்ந்து மடிந்தவரை ஞானஸ்நானப் பதிவேடும் விவாகப் பதிவேடும் அடக்கப் பதிவேடுமாகத் திருச்சபை மும்முறை குறித்து வைக்கும். இங்கிலாந்திற் பிறந்து ஆஸ்திரேலியாவிலோ நியூஸிலாந்திலோ கண்மூடியவரையோ அது ஒருமுறை குறித்துவிட்டுக் கைவிடுகின்றது. இடையில் அவர் எங்கிருந்தார், எவ்வாறு கடல் கடந்தார் என்பன இருளில் மறைந்துவிடும். கட்டணம் கொடுத்துக் கப்பலேறிக் குடியேறினோர் பலர். படைக்கப்பலில் ஊழியராய் வந்து, துறைமுகத்தில் இறங்கித் திரும்பாது நின்றுவிட்டோரும் உளர். இப்பின்னவரைத் தேடுவார்க்கு உற்ற துணையாவன, லண்டனின் கியூ என்னும் பகுதியிலுள்ள தேசிய ஆவணக் களரியில் வைத்துக் காக்கப்படும் பிரிட்டிஷ் கப்பற்படை ஏடுகள்.

இவை எதற்காக எழுதப்பட்டன என்பதை முதற்கண் மனங்கொள்ள வேண்டும். வமிச சரித்திரம் ஆராய்வாரை எண்ணி எந்தக் கப்பற் கணக்கரும் மை தொட்டெழுதவில்லை. இன்னாருக்கு இன்ன சம்பளம், இன்னாருக்கு இத்தனை நாள் உணவு என்று அரசாங்கத்துக்குக் கணக்குக் காட்டவே எழுதினர். நம் நாட்டு வேலைத்தலங்களில் கூலியாட்களின் வருகையைக் குறிக்கும் ஏட்டை மஸ்டர் ரோல் என்கிறோமல்லவா? கப்பலிலும் அதற்கு அதுவே பெயர். 1764 முதல் வயதும் பிறந்த ஊரும் அதில் எழுதப்படலாயின. ஒருவன் கப்பலை விட்டு நீங்கிய விதத்தை ஓரிரண்டு எழுத்துக்களே உணர்த்தும். ‘டி’ என்றால் விடுவிக்கப்பட்டவன்; ‘டி டி’ என்றால் இறந்தவன்; ‘ஆர்’ என்றால் ஓடிப்போனவன். ஓடிப்போனவனுக்குச் சேரவேண்டிய சம்பளம் பறிமுதலாகும். ஆகவேதான் கணக்கர் அவ்வெழுத்தையும் நாளையும் இடத்தையும் தவறாது குறித்தனர். இங்கிலாந்து இழந்த மாலுமியைக் கடலுக்கப்பாலுள்ள பேரன் கண்டெடுப்பது பெரும்பாலும் இவ்வோரெழுத்தின் உதவியால்தான்.

எனினும், ஏட்டிலுள்ள பெயர் அம்மனிதனுடைய பெயர்தானா என்பது வேறு வினா. இதற்குப் ‘பௌண்டி’ என்னும் கப்பலின் கதையைவிடத் தெளிந்த சான்று காண்டல் அரிது. 1789 ஏப்ரல் 28ஆம் நாள் அக்கப்பலிற் கலகம் விளைந்தது. தலைவர் பிளையும் அவர்க்கு உண்மையாய் நின்ற பதினெண்மரும் திறந்த படகொன்றில் இறக்கிவிடப்பட்டனர். கலகக்காரருள் ஒன்பதின்மர் தாஹிட்டித் தீவினரான ஆடவர் பெண்டிர் சிலரோடு 1790இல் பிட்கெர்ன் என்னும் ஆளில்லாத் தீவை அடைந்து, கப்பலைத் தீக்கிரையாக்கி, உலகத்தார் கண்ணினின்று மறைந்தனர். 1808இல் ‘டோபாஸ்’ என்னும் அமெரிக்கக் கப்பல் தற்செயலாய் அங்கு நேர்ந்தபோது, அவ்வொன்பதின்மருள் எஞ்சியிருந்தவர் ஒருவரே. ஏனையோரிற் பெரும்பாலார் ஒருவரையொருவர் மாய்த்துக்கொண்ட கொலைகளில் மடிந்திருந்தனர். எஞ்சிய அவர் கப்பலினின்று காத்து வைத்த வேதாகமத்தைக் கொண்டு பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்து வந்தார். ஜான் ஆடம்ஸ் என்று அவரை உலகம் அறியும்.

‘பௌண்டி’யின் மஸ்டர் ரோலைப் புரட்டினால் ஆடம்ஸ் என்ற பெயரே அதில் இல்லை. அவர் அலெக்ஸாந்தர் ஸ்மித் என்ற புனைபெயரிற் சேர்ந்தவர். ஆங்கிலப் பெயர்களுள் மிக மலிந்தது ஸ்மித்; மறைந்து வாழ விழைவானுக்கு அதனினும் வசதியான போர்வை கிடைப்பதரிது. ஆயினும் பெயரை மாற்றியவர் உடலை மாற்றவியலவில்லை. கலகக்காரரைப் பிடிக்க வேண்டிப் பிளை தம் குறிப்பேட்டில் ஒவ்வொருவருடைய அங்க அடையாளங்களையும் எழுதி வைத்தார். அக்குறிப்பேடு இப்பொழுது ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தில் உள்ளது. ஸ்மித் ஐந்தடி ஐந்தங்குல உயரத்தினர், அம்மைத்தழும்பு நிறைந்தவர், உடலெங்கும் பச்சை குத்திக்கொண்டவர், வலது பாதத்தில் கோடரி பட்ட வடுவுடையவர் என்பன அதனால் விளங்குகின்றன. தாம் ஹாக்னியில் வளர்ந்த அனாதை என்றும், தம் மெய்ப்பெயர் ஆடம்ஸ் என்றும் அவரே பின்னாளில் வாய்மொழி கூறினார். ஏடு மட்டும் இருந்திருப்பின் அவர் வழியினர் ஸ்மித் குடும்பமொன்றைத் தம் குடும்பமென்று வீணே கொண்டாடியிருப்பர்; வாய்மொழி மட்டும் இருந்திருப்பின் அதற்குச் சான்றில்லை. 1856இல் பிட்கெர்ன் மக்கள் 194 பேர் நார்போக் தீவுக்குக் குடிபெயர்ந்தபோது ஆடம்ஸ் என்ற பெயரும் அவர்களோடு சென்றது.

இத்தகைய புகழ்பெற்ற கதையில்லாத எளிய குடும்பத்தார் செய்யத்தக்கது யாது? 1853ஆம் ஆண்டை எல்லைக்கல்லாகக் கொள்க. அவ்வாண்டில் மாலுமிகளைத் தொடர்ந்து பத்தாண்டு ஊழியத்துக்கு எடுக்கும் முறை ஏற்பட்டது. அதன்பின் ஒவ்வொருவருக்கும் எண்ணிட்டு, பிறந்த நாள், ஊர், உயரம், கண்ணின் நிறம் ஆகியவற்றைப் பதிந்தனர். இவ்வேடுகளிற் பெயரைக்கொண்டே தேடலாம். இக்காலத்தில் வீட்டிலிருந்தபடியே கணினித் திரையிற் காணவும் இயலும். 1853க்கு முற்பட்ட சாதாரண மாலுமியையோ கப்பலின் பெயரறியாமற் காண்பது பெரிதும் அரிது. உத்தியோகஸ்தர்க்கு வேறு ஏடுகள் உண்டு. அவர்களைத் தேடுவது எளிதாதலின் இங்கு விரிக்கவில்லை.

கப்பலின் பெயரை அறிதற்கு, குடியேறிய நாட்டினின்றே தொடங்கிப் பின்னோக்கிச் செல்லவேண்டும். நேரே கியூவுக்கு ஓடுவோர் பெரும்பாலும் வெறுங்கையோடு மீள்வர். விக்டோரியாவில் 1853 முதல் எழுதப்பட்ட மரணப் பதிவுகளில் இறந்தவர் பிறந்த ஊர், பெற்றோர் பெயர் ஆகியவற்றோடு, அந்நாட்டில் எத்தனையாண்டு வாழ்ந்தார் என்பதும் காணப்படும். அவ்வெண்ணைக் கழித்தால் வந்த ஆண்டு புலப்படும். அவ்வாண்டில் எந்தப் படைக்கப்பல்கள் மெல்பர்ன் துறைக்கு வந்தன என்பதைப் பழைய செய்தித்தாள்கள் கூறும். பின்பு அக்கப்பல்களின் மஸ்டர் ரோல்களில் அத்துறையில் ‘ஆர்’ இடப்பட்டோரை ஒவ்வொருவராய்ப் பார்த்தல் வேண்டும். 1859இல் ஆஸ்திரேலியாவுக்கெனத் தனிக் கப்பற்றொகுதி ஏற்படும்வரை அக்கடல்கள் கிழக்கிந்தியத் தொகுதியின் பொறுப்பில் இருந்தன. ஆதலின் மெல்பர்னில் ஓடிப்போனவனைத் தேடுவார் கப்பலின் நாட்குறிப்பில் நம் திருகோணமலையைக் காணினும் வியப்பதற்கில்லை.

1851இல் விக்டோரியாவிற் பொன் கண்டெடுக்கப்பட்டபின் மெல்பர்ன் துறையில் வணிகக் கப்பல்கள் ஆளின்றி நின்றன. மாதச் சம்பளத்துக்கும் ஒரு கைப்பொன்னுக்கும் இடையே நின்ற இளைஞன் எதை நாடியிருப்பான் என்று கூறவேண்டுவதில்லை. ஆயினும் ‘ஆர்’ என்ற எழுத்தைக் கண்டவுடன் பாட்டனாரைக் குற்றவாளி என்று முடிவு கட்டலாகாது. கரையில் நோயுற்றுக் கிடந்தவனும் கப்பல் புறப்படும் வேளைக்கு வாராதொழியின் அவ்வெழுத்தைப் பெறக்கூடும். பின்னர் மெய்ம்மையை நாட்டி விண்ணப்பித்து, அவ்வெழுத்தை நீக்குவித்துக்கொண்டோரும் உண்டு; அந்நீக்கமும் ஏட்டில் ஏறும்.

ஏடுகளில் நெஞ்சை உறுத்துவதொன்றைக் கூறி நிறுத்துவேன். மாலுமி தன் சம்பளத்தில் ஒரு பகுதியைத் தாய்க்கோ மனைவிக்கோ கொடுக்குமாறு ஏற்பாடு செய்யலாம். 1795 முதல் 1852 வரையுள்ள இவ்வேற்பாட்டுப் பதிவேடுகளில் பணம் பெற்றவர் பெயர் இருக்கின்றது. மெல்பர்னிலே பொன் தேடப் போய், அங்கேயே மணந்து, பேரன் பேத்திகளைக் கண்டு மரித்த பெரியவர் ஒருவரைத் தேடுங்கால், இங்கிலாந்தில் அவர்க்கு முன்னமே ஒரு மனைவி இருந்தமை இதனால் வெளிப்படலாம். அவர் ஓடிய நாளோடு அவர்க்குரிய சம்பளம் நின்றது. அவள் பெற்றுவந்த பங்கும் நின்றது. கடிதம் போய்ச் சேரவே பல மாதம் செல்லும் அக்காலத்தில் காரணம் அவளுக்கு எப்பொழுது எட்டியதோ! இதைக் கண்ட வழித்தோன்றல் அப்பெயரை மறைத்து வமிசாவளி எழுதுதல் முறையன்று என்பதே என் கருத்து. அவள் பெயரையும் உடன் எழுதி, அவள் வாழ்ந்த ஊர்த் திருச்சபைப் பதிவேட்டைப் பார்த்தல் வேண்டும். அங்கே அம்மாலுமிக்குப் பிறந்த மக்கள் இருந்திருப்பின், அவர்கள் வழியினரும் இன்று அவரையே தேடிக்கொண்டிருக்கக்கூடும்.