மரத்துப்போன பாதங்களுடன் நடைப்பயணத்திற்குத் தயாராவது எப்படி?

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 14 உலக நீரிழிவு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. இன்சுலினைக் கண்டறிந்தோருள் ஒருவரான பிரெடரிக் பாண்டிங் 1891ஆம் ஆண்டு பிறந்த நாள் அது. அந்நாளையொட்டிப் பல ஊர்களில் விழிப்புணர்வுக்காகவும், வசதியற்ற நோயாளிகளின் சிகிச்சைக்கு நிதி திரட்டுவதற்காகவும் நடைப்பயணங்கள் நடத்தப்படுகின்றன. ஆண்டின் பிற்பாதியில் புறநோயாளிகள் பிரிவில் ஒரு கேள்வி அடிக்கடி எழுவதுண்டு. “எனக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். பாதம் மரத்துப்போயிருக்கிறது. நானும் மூன்று கிலோமீட்டர் நடக்கலாமா, டாக்டர்?” அவர் கேட்டு முடிப்பதற்குள், “வேண்டாம் என்று நீங்களே சொல்லுங்கள், டாக்டர்” என்று உடன் வந்த மனைவியோ மகனோ முந்திக்கொள்வார்கள்.

இருவர் பக்கமும் நியாயம் உண்டு. பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் எடையைத் தாங்கும் உடற்பயிற்சியையே தவிர்க்க வேண்டும் என்றுதான் முன்பு அறிவுறுத்தப்பட்டது. பாதத்தில் புண் இல்லாதவர்கள், தக்க காலணி அணிந்து மிதமாக நடப்பதால் புண் ஏற்படும் வாய்ப்பு கூடுவதில்லை என்பதைப் பிந்தைய ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே, பெரும்பாலோருக்கு எமது விடை “நடக்கலாம்” என்பதே. ஆனால் மற்றவர்கள் பயிற்சி செய்யும் முறை உங்களுக்குப் பொருந்தாது. அவர்களுக்கு எப்போது நிறுத்த வேண்டும் என்பதை வலி சொல்லிவிடும். உங்களுக்கு அந்த வேலையைக் கண்ணும் கையும் நாட்காட்டியும் செய்ய வேண்டும்.

வேலூர் கற்பித்த பாடம்

இந்த உண்மையை உலகிற்கு விளக்கியதில் நமது வேலூருக்குப் பெரும் பங்கு உண்டு. 1914ஆம் ஆண்டு கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946ஆம் ஆண்டு வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவராகப் பணியேற்றார். தொழுநோய் வந்தால் விரல்கள் தாமாகவே அழுகி உதிர்ந்துவிடும் என்று பலரும் நம்பிய காலம் அது. நோய் அழிப்பது நரம்புகளையே என்றும், உணர்ச்சியை இழந்த கைகால்களில் ஏற்படும் காயங்களும் அவற்றைத் தொடரும் கிருமித்தொற்றுமே விரல்களைப் பறிக்கின்றன என்றும் அவரும் அவருடைய சக மருத்துவர்களும் நிறுவினார்கள்.

அவர் கண்ட ஒரு நிகழ்ச்சி புகழ்பெற்றது. துருப்பிடித்த பூட்டு ஒன்றை அவரால் திறக்க இயலவில்லை. தொழுநோயுற்ற சிறுவன் ஒருவன் சாவியை வாங்கி எளிதாகத் திருகித் திறந்துவிட்டான். அவனுடைய விரலில் எலும்பு தெரியும் அளவுக்கு வெட்டு விழுந்திருந்தது. அவனோ அதை உணரவே இல்லை.

காட்பாடியை அடுத்த கரிகிரியில் 1955ஆம் ஆண்டு தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் உருவாயிற்று. மென்மையான ரப்பர் அடித்தளம் கொண்ட காலணிகள் இப்பகுதியில் உருப்பெற்றதும் அக்காலப் பணிகளின் பயனே. இன்று நீரிழிவு நோயாளிகளுக்கு நாங்கள் எழுதித் தரும் “எம்.சி.ஆர். செருப்பு” அந்த வழியில் வந்ததாகும்.

1966ஆம் ஆண்டு டாக்டர் பிராண்ட் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கு எலிகளின் பாதங்களில் அவர் மேற்கொண்ட ஆய்வுதான் நமது பயிற்சிக்கு அடிப்படை. மிதமான அழுத்தத்தை ஒரே இடத்தில், நாள்தோறும், பல்லாயிரம் முறை ஓய்வின்றிக் கொடுத்தபோது அந்த இடம் முதலில் சூடாகி வீங்கியது. சில நாட்களில் புண்ணாயிற்று. தடவைகளைக் குறைத்து, இடையிடையே ஓய்வு நாட்களும் அளித்தபோது புண் தோன்றவில்லை; திசு தடித்து உறுதிபெற்றது. ஆணி குத்தினால் மட்டுமே புண் வரும் என்பதில்லை. ஓய்வின்றித் தொடரும் சாதாரண நடையும் மரத்துப்போன பாதத்தைப் புண்ணாக்கலாம். அதே நடை, இடைவெளி விட்டு அமைந்தால் பாதத்தை வலுப்படுத்தும்.

தொடங்கும் முன் செய்ய வேண்டிய பரிசோதனைகள்

பாதம்: மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சியை அளப்போம். பாதத்தின் நாடித் துடிப்பு, விரல்களின் வளைவு, ஆணிக்கால், தோல் தடிப்பு, வெடிப்பு ஆகியவற்றைப் பார்ப்போம்.

இதயம்: நெடுநாள் நீரிழிவு உள்ளவர்களுக்கு மாரடைப்பின்போது நெஞ்சு வலி தோன்றாமலும் போகலாம். வழக்கத்திற்கு மாறான மூச்சுத்திணறல், வியர்வை, களைப்பு ஆகியவையே அறிகுறிகளாக இருக்கலாம். ஆகவே இ.சி.ஜி.யும், தேவைப்பட்டால் மேற்பரிசோதனைகளும் செய்துகொள்ளுங்கள்.

கண்: விழித்திரையில் புதிய இரத்தக்குழாய்கள் தோன்றியுள்ளவர்கள் கண் மருத்துவரின் ஒப்புதல் பெறாமல் ஓட்டம் போன்ற கடும் பயிற்சியில் இறங்கக் கூடாது.

மருந்து: இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை எடுத்துக்கொள்பவர்களுக்கு நடையின்போதும் அதற்குப் பின்னரும் சர்க்கரை மிகவும் தாழ்ந்துவிடக்கூடும். மருந்தின் அளவை நீங்களாகவே மாற்றாமல், நடைத் திட்டத்தைக் காட்டி ஆலோசனை பெறுங்கள்.

ஆறாத புண் உள்ளவர்களும், அண்மையில் புண் ஆறியவர்களும், சிறிது தூரம் நடந்ததும் கெண்டைக்காலில் வலி காண்பவர்களும் மருத்துவர் அனுமதிக்கும்வரை பயிற்சியைத் தொடங்கக் கூடாது. ஒரு பாதம் மட்டும் சிவந்து, சூடாகி, வீங்கியிருந்தால், வலி இல்லாவிட்டாலும், அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். உள்ளே எலும்புகள் நொறுங்கிக்கொண்டிருக்கலாம்.

காலணி

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை, பேர்ணாம்பட்டு வட்டாரங்களில் தோல் பதனிடும் தொழிலிலோ காலணித் தொழிலிலோ ஒருவரேனும் பணிபுரியும் குடும்பங்கள் ஏராளம். உலகின் பல நாடுகளுக்குக் காலணி செய்து அனுப்பும் ஊர் நம்முடையது. இருந்தும், வீட்டில் கிடக்கும் யாரோ ஒருவருடைய ஷூவை மாட்டிக்கொண்டு நடக்கக் கிளம்புபவர்களைப் பார்க்கிறோம். தொழிற்சாலையில் பணிபுரிவோர் ஒன்றை நன்கு அறிவர்: லாஸ்ட் எனப்படும் அச்சு எந்த வடிவமோ, ஷூவும் அதே வடிவம். உங்கள் பாதம் அந்த வடிவத்தில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

• மாலையில், பாதம் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் ஷூ வாங்குங்கள். இரு பாதங்களையும் அளந்து, பெரிய பாதத்திற்கு ஏற்ற அளவைத் தேர்ந்தெடுங்கள்.
• நின்ற நிலையில் மிக நீண்ட விரலுக்கு முன்னால் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் இடம் இருக்க வேண்டும். விரல்கள் மேற்புறத்தில் உரசக் கூடாது.
• “கால் உணர்கிறதே, சரியாகத்தான் இருக்கிறது” என்ற எண்ணம் ஏமாற்றும். மரத்த பாதம் இறுக்கமான ஷூவைத்தான் சரியானது என்று கருதும். காகிதத்தில் பாதத்தை வைத்து ஓரத்தை வரைந்து வெட்டுங்கள். அந்த வடிவம் மடங்காமல் ஷூவிற்குள் அமர வேண்டும்.
• புதிய ஷூவை முதல் நாள் அரைமணி நேரம் மட்டும் வீட்டிற்குள் அணிந்து, கழற்றிப் பாதத்தைப் பாருங்கள். நேரத்தைப் படிப்படியாகக் கூட்டுங்கள். நடைப்பயண நாளன்று புதிய ஷூ கூடவே கூடாது.
• ஒவ்வொரு முறையும் அணிவதற்கு முன் கையை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். கல், ஆணி முனை, மடிந்த இன்சோல் ஆகியவற்றைக் கைதான் கண்டுபிடிக்கும்.
• கட்டைவிரலால் பிடித்து நடக்கும் ரப்பர் செருப்பு நீண்ட நடைக்கு ஏற்றதன்று. விரலிடுக்கில் புண்ணாக்கும், கழன்று விழுந்தாலும் தெரியாது.

திருவண்ணாமலை கிரிவலம் பற்றிப் பலர் கேட்பதுண்டு. பதினான்கு கிலோமீட்டர் தூரத்தை வெறுங்காலுடன் கடப்பது மரத்த பாதத்திற்குப் பேராபத்து. கோடையில் கோயில், மசூதி முற்றங்களின் சூடேறிய கல்தளமும் அவ்வாறே. குறைந்தபட்சம் தடித்த காலுறையாவது அணிய அனுமதி கேளுங்கள். வெயில் தாழ்ந்த பின் செல்லுங்கள்.

பன்னிரண்டு வாரத் திட்டம்

மூன்று கிலோமீட்டர் என்பது சாதாரண நடையில் ஏறத்தாழ 40 முதல் 45 நிமிடம்; நான்காயிரம் அடிகளுக்குச் சற்றுக் கூடுதல். ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் தொடங்கினால் நவம்பர் 14க்குள் இத்தூரத்தை எட்டலாம். திட்டம் முழுவதும் ஒருநாள் விட்டு ஒருநாள் மட்டுமே நடக்க வேண்டும்.

• 1, 2ஆம் வாரங்கள்: ஒவ்வொரு முறையும் 10 நிமிடம்
• 3, 4ஆம் வாரங்கள்: 15 நிமிடம்
• 5, 6ஆம் வாரங்கள்: 20 நிமிடம்
• 7, 8ஆம் வாரங்கள்: 25 நிமிடம்
• 9, 10ஆம் வாரங்கள்: 30 முதல் 35 நிமிடம்
• 11ஆம் வாரம்: 40 நிமிடம்
• 12ஆம் வாரம்: 15 நிமிட நடை இருமுறை மட்டும், பின்பு நிகழ்ச்சி நாள்

பேசிக்கொண்டே நடக்க முடியும் வேகம் போதும். பாதத்தில் சிறு மாற்றம் தெரிந்தாலும் அடுத்த படிக்குச் செல்லாதீர்கள். வாரம் தவறினால் அதை ஈடுசெய்ய நேரத்தை இரட்டிப்பாக்காதீர்கள். நடக்காத நாட்களில் நாற்காலியில் அமர்ந்து கைகளுக்கும் தொடைகளுக்கும் பயிற்சி அளிக்கலாம். சுவரைப் பிடித்தபடி நின்று சமநிலை பழகலாம். உணர்ச்சி குறைந்தவர்கள் தடுமாறி விழுவதை இது குறைக்கும்.

தொழிற்சாலையில் நாள் முழுவதும் நின்று வேலை செய்பவர்கள் அந்த அடிகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஓவர்டைம் பார்த்த நாள் நடைக்கு உரிய நாளன்று.

கோடை வெயில் தணிந்திருந்தாலும் காலை வேளையே சிறந்தது. ஆனால் தரை தெளிவாகத் தெரியும் அளவுக்கு வெளிச்சம் வந்த பின் கிளம்புங்கள். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். நனைந்த காலுறையுடன் நடந்தால் தோல் ஊறிப் பிய்ந்துவிடும். மாற்றுக் காலுறை ஒன்றைக் கையில் வைத்திருங்கள். விரலிடுக்குகளை நன்கு துடைத்து உலர்த்துங்கள்.

சர்க்கரை அளவும் நடையும்

மேற்கூறிய மருந்துகளை எடுத்துக்கொள்பவர்கள் நடப்பதற்கு முன் சர்க்கரையைப் பாருங்கள். 100க்குக் கீழ் இருந்தால் ஒரு வாழைப்பழம் போன்ற சிற்றுணவு உண்டபின் நடங்கள். 300க்கு மேல் இருந்தாலோ, 250க்கு மேல் இருந்து உடல்நலமும் சரியில்லை என்றாலோ அன்று நடக்க வேண்டாம். நடுக்கம், படபடப்பு, வியர்வை, குழப்பம் தோன்றினால் உடனே நின்று, மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்து பாருங்கள். 70க்குக் கீழேயே இருந்தால் மறுபடியும் குடியுங்கள். அன்றைய நடை அத்துடன் முடிந்தது. சட்டைப்பையில் குளுக்கோஸும், நோய் விவரமும் குடும்பத்தார் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டும் எப்போதும் இருக்கட்டும்.

குடும்பத்தினரின் பொறுப்பு

“வேண்டாம்” என்று தடுப்பதைவிட, நாள்தோறும் இரண்டு நிமிடம் செலவிடுவது உங்கள் அன்புக்கு உரியவருக்குப் பெரிதும் பயன்படும். பார்வை மங்கியவர்களாலும் குனிய இயலாதவர்களாலும் தம் உள்ளங்காலைத் தாமே பார்க்க முடியாது. இரவில் நல்ல வெளிச்சத்தில் அவருடைய இரு பாதங்களையும் பாருங்கள். உள்ளங்கால், குதிகால், விரலிடுக்குகள் எதையும் விடாதீர்கள். கொப்புளம், கீறல், நிறமாற்றம், ஈரக்கசிவு, காலுறையில் கறை ஆகியவற்றைத் தேடுங்கள்.

நம்மவர் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. எனவே உங்கள் புறங்கையை அவருடைய பாதத்தின் ஒவ்வோர் இடத்திலும் வைத்து, மறு பாதத்தின் அதே இடத்துடன் ஒப்பிடுங்கள். வெப்பமானி வைத்திருப்போருக்கு ஓர் அளவு: ஏறத்தாழ இரண்டு டிகிரி செல்சியஸுக்கு மேல் வேறுபாடு இருந்தால் அது எச்சரிக்கை. சூடு தணியும்வரை நடையை நிறுத்துங்கள். இரண்டு நாளில் தணியாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். புண் தென்பட்டால் அன்றே வர வேண்டும். ஆணிக்காலைப் பிளேடால் சீவுவதும், காயத்தில் மஞ்சளோ காபித்தூளோ அப்புவதும் வேண்டாம். கால் அகற்றும் அறுவைச் சிகிச்சைகளில் பெரும்பாலானவை இத்தகைய சிறு புண்ணில்தான் தொடங்குகின்றன.

மன உறுதியும் ஓய்வும்

நிதி திரட்டும் ஓட்டம் என்றதும் கனடா நாட்டு டெர்ரி ஃபாக்ஸ் நினைவுக்கு வருவார். அவர் பெயரால் நடைபெறும் ஓட்டம் சென்னை ஐ.ஐ.டி. வளாகத்திலும் நடந்திருக்கிறது. எலும்புப் புற்றுநோயால் 1977இல் வலக்காலை இழந்த அவர், ஓராண்டுக்கும் மேல் பயிற்சி செய்து, 1980 ஏப்ரல் 12 அன்று செயற்கைக் காலுடன் புற்றுநோய் ஆராய்ச்சிக்காக ஓடத் தொடங்கினார். 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் கடந்தார். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் ஓட்டத்தை நிறுத்தினார். மறு ஆண்டு தமது 22ஆம் வயதில் மறைந்தார். அவருடைய பொறுமையான முன்தயாரிப்பை நாம் பின்பற்றலாம். வலியையும் பொருட்படுத்தாமல், பெரும்பாலும் ஓய்வு நாளின்றி ஓடியதைப் பின்பற்ற வேண்டாம். தம் வலியை அவர் அறிந்தே தாங்கினார். மரத்த பாதம் உடையவருக்குத் தாங்குவதற்கே ஏதும் தெரிவதில்லை.

நடைப்பயணத்தின் நோக்கம் நிதியும் விழிப்புணர்வுமே. பாதியில் நிறுத்தினாலும் நீங்கள் திரட்டிய நன்கொடை குறையாது. நடக்க அனுமதி கிடைக்காதவர்கள் நன்கொடை சேர்க்கலாம், பதிவு மேசையில் உதவலாம், தண்ணீர் வழங்கலாம். நடப்பவர்கள், நிகழ்ச்சி முடிந்து வீடு திரும்பியதும் முதல் வேலையாகக் காலுறையைக் கழற்றிப் பாதங்களைக் காட்டுங்கள். மறுநாளும் அதற்கடுத்த நாளும் ஓய்வெடுங்கள். அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது நீங்கள் நடக்கப் பயன்படுத்தும் ஷூவையும் கையோடு கொண்டு வாருங்கள். பாதத்தைப் பார்ப்பதோடு அதையும் பார்க்க வேண்டும்.