மார்பிள் கல்லைப் போட்டு நான் இழந்த பவளங்கள்

விடியற்காலை ஐந்தரை மணிக்கு பிஎச் மீட்டர் 7.6 காட்டியது. தொட்டி விளக்கு இன்னும் எரியவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன். இடது மூலையில் நீல அக்ரோபோரா அடிக்கிளையிலிருந்து விரல் நீளத்துக்கு வெளுத்திருந்தது. தோல் நூல் நூலாகப் பிரிந்து நீரோட்டத்தில் ஆடியது. கட்டைவிரல் அளவில் வாங்கி, ஆறு வருடம் வளர்த்து, இரண்டு கை அகலத்துக்குக் கொண்டுவந்தது. அதோடு சேர்த்து மூன்று வாரத்தில் பதினோரு பவளங்கள் போயின. கால்சியம் ரியாக்டரால்தான் போயிற்று என்று ஊரில் இன்னும் பேசுகிறார்கள். ரியாக்டருக்குள் நான் போட்ட கல்லால் போயிற்று. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் தொட்டியும் என்னுடையதைப் போல ஆயிரம் லிட்டர், நிறையக் கல் பவளம் என்று வைத்துக்கொள்கிறேன். ரியாக்டர் கடைக்குப் போவதற்கு முன் தொட்டி எவ்வளவு தின்கிறது என்று அளந்துவிடுங்கள். கால்சியமும் காரத்தன்மையும் ஏற்ற ஊற்றும் எல்லா மருந்தையும் இரண்டு நாள் நிறுத்தி, காரத்தன்மை எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். என் தொட்டியில் நாளுக்கு 1.5 டிகேஎச் இறங்கியது. ஆயிரம் லிட்டரில் ஒரு டிகேஎச் என்பது சுமார் 18 கிராம் கால்சியம் கார்பனேட். ஆக, பவளங்கள் தினம் 27 கிராம் கல்லைத் தண்ணீரிலிருந்து உறிஞ்சி எலும்பாக்கிக்கொள்கின்றன. மாதத்துக்குச் சுமார் 800 கிராம். இரண்டு பாட்டில் மருந்து ஊற்றினாலே போதுமே என்று என்னிடம் வாதாடும் நண்பர்களின் தொட்டி இருநூறு லிட்டர்தான். அந்த மருந்தை ஊற்ற ஊற்றச் சாதா உப்பும் தண்ணீரில் சேர்ந்துகொண்டே போகும். பெரிய தொட்டிக்கு ரியாக்டர்தான். அதில் நான் எடுத்த முடிவு சரி.

ரியாக்டர் வேலை செய்யும் விதம் பேராக்காரர்களுக்குப் புதிதில்லை. மழைநீர் மண்ணிலிருந்து கார்பன் டை ஆக்சைடை வாங்கிக்கொண்டு மலைக்குள் இறங்கிச் சுண்ணாம்புக்கல்லைக் கரைக்கிறது. குவா தெம்புரோங் குகையில் கூரையிலிருந்து சொட்டி மறுபடியும் கல்லாகிறது. ரியாக்டரிலும் அதேதான்: ஒரு குழாய் நிறையக் கல், அதற்குள் சுற்றும் கடல்நீர், சிலிண்டரிலிருந்து குமிழ் குமிழாக வாயு. உள்ளே பிஎச் 6.5க்கு இறங்கியதும் கல் கரையும். கரைந்த நீர் தொட்டிக்குப் போகும்.

இந்த ஒற்றுமையே என்னைக் கவிழ்த்தது. ரியாக்டரில் போட வேண்டியது பவள எலும்புத் துண்டு. ஐந்து கிலோவுக்கு நூற்றைம்பது வெள்ளி கேட்டார்கள். ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் வரும் வழியெல்லாம் சுண்ணாம்பு மலை. ஊர்ப் பெயரிலுள்ள சிப்புட் என்றாலே நத்தை, அதன் ஓடும் இதே சரக்குதான். இவ்வளவு கல்லைச் சுற்றி வைத்துக்கொண்டு காசு கொடுத்து வாங்குவதா என்று தோன்றியது. கல்லுடைக்கும் இடத்தில் வேலை செய்த பழைய பள்ளித் தோழனிடம் சொல்லி இரண்டு மூட்டை வெள்ளை மார்பிள் சல்லி வாங்கினேன். கழுவிப் போட்டேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

பவள எலும்பு அரகோனைட். நம் கிந்தா மலைக்கல் கால்சைட். அதுவும் பூமிக்குள் வெந்து இறுகி மார்பிளான கால்சைட். சில இடங்களில் டோலோமைட்டும் கலந்திருக்கும். எல்லாம் சுண்ணாம்பு வகைதான், ஆனால் கரைகிற குணம் வேறு. அரகோனைட் 6.5இல் தாராளமாகக் கரையும். அதில் ஸ்ட்ரான்சியமும் இருக்கிறது. மார்பிள் சல்லி அந்த பிஎச்சில் அசையவில்லை. வெளியே வந்த நீரை அளந்தால் 11 டிகேஎச், தொட்டி நீரைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். நான் வாயுவைக் கூட்டினேன். மறுநாள் இன்னும் கூட்டினேன். உள்ளே பிஎச் 6.0க்கு வந்தது. கல் கரையாததால் செலவழியாத வாயு எல்லாம் தொட்டிக்குள் போனது. அறையோ ஏர்கோன் போட்டு இரவெல்லாம் மூடிக் கிடந்தது. நாங்கள் மூச்சுவிட்டதும் அதற்குள்தான் நின்றது. விளக்கு அணைந்தபின் தண்ணீரில் வாயுவை எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை. நான் பிஎச்சை அளந்ததெல்லாம் மத்தியானத்தில், 8.1 என்று பார்த்துத் திருப்தியாக இருந்துவிட்டேன்.

அப்பா முப்பது வருடம் ரப்பர் தோட்டத்துப் பால் ஸ்டோரில் ஆசிட் கலந்தவர். செத்த பவளத்தை நான் வாளியில் எடுத்துப் போட்டபோது பக்கத்தில் நின்றார். "பால் உறையலன்னா ஆசிட்ட ஏத்திக்கிட்டே போகக் கூடாதுப்பா. பால்ல என்னா கோளாறுன்னு மொதல்ல பாக்கணும்" என்றார். இரண்டு வாரத்துக்கு முன் கேட்டிருக்க வேண்டிய பேச்சு.

மற்றதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ரியாக்டர் விற்ற கடைக்காரர் மூன்று லிட்டர் குழாயைக் காட்டி "போலே, போலே" (முடியும், முடியும்) என்றார். கணக்குப் போடுங்கள்: வெளியே வரும் நீர் 25 டிகேஎச், தொட்டி 8 என்றால், எனக்கு நாளுக்கு 88 லிட்டர் ஓட வேண்டும், நிமிடத்துக்கு 60 மில்லி. சொட்டு எண்ணும் சின்ன ரியாக்டர் அதற்குத் தாங்காது. கடைக்காரர் காட்டுவதைவிட ஒரு அளவு பெரியதாக, இரண்டாவது அறையோடு வாங்குங்கள். மிச்ச வாயு அந்த அறைக் கல்லைக் கரைத்துச் செலவாகிவிடும். நீரை வால்வால் கட்டுப்படுத்தாமல் பெரிஸ்டால்டிக் பம்ப் வையுங்கள், வால்வு அடைத்துக்கொள்ளும்.

ரெகுலேட்டர் இரட்டை நிலை உள்ளதாக இருக்கட்டும். மலிவானது, சிலிண்டர் காலியாகும் நேரத்தில் மிச்ச வாயுவை ஒரேயடியாகக் கொட்டிவிடக்கூடும். சொலினாய்ட் மின்சாரம் போனால் மூடிக்கொள்கிற வகையா என்று கேட்டு வாங்குங்கள். சாயங்கால இடிமழைக்கு இங்கே எத்தனை முறை டிரிப் ஆகிறது என்று உங்களுக்கே தெரியும். சிலிண்டரை வெயில்படும் பின்கட்டில் வைக்காதீர்கள். 31 டிகிரிக்கு மேல் உள்ளே திரவமே இருக்காது, அழுத்தம் ஏறிக்கொண்டே போகும்.

இப்போது பவள எலும்புதான் போடுகிறேன். ரியாக்டருக்குள் 6.6. இரவில் ஜன்னல் ஒரு சாண் திறந்திருக்கிறது. கரண்ட் பில் ஏறுகிறது என்று வீட்டில் பேச்சு வாங்குகிறேன். ஆவியாகும் நீருக்கு ஈடாக இரவில் கால்சியம் ஹைட்ராக்சைடு தெளிநீர் சொட்டுகிறது. வெற்றிலைச் சுண்ணாம்பு இல்லை, சுத்தமானது. கடைச் சுண்ணாம்பை எடுக்கக் கை நீட்டாதீர்கள், நான் ஒருமுறை நீட்டினேன். தொட்டியைப் பார்க்க வருகிறவர்களை விளக்கு எரிவதற்கு முன் வரச் சொல்கிறேன். இன்று காலை ஐந்தரைக்கு மீட்டரில் 8.0.